கோணியன் யாரு?

வாங்கம்மா, உள்ள வாங்க. அந்த வளையல் பெட்டியக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு உக்காருங்க. மதியத்துல கூட்டம் இருக்காது, பேசலாம். காமிக்ஸ் படிக்கிறவுகளப் பத்தி ஆராய்ச்சியா? அதுக்கெல்லாம் காலேஜ்ல பட்டம் குடுக்குறாகளா? எங்க காலத்துல காமிக்ஸோட மாட்டுனா வகுப்புக்கு வெளியதான் நிப்பாட்டுவாக. சரி, இருக்கட்டும்.

நீங்க கோணியன் கதையப் பத்திக் கேக்கத்தான் கோவில்பட்டி வரைக்கும் வந்திருக்கீக. எனக்குத் தெரியும். அதை வரைஞ்ச பிள்ளைய விரட்டுனது இந்தக் காளிராஜ்தான்னு யாராவது சொல்லியிருப்பாக. அப்படியெல்லாம் ஒரு ஆளு மேல பழியப் போட்டுர முடியாதும்மா. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

இடிமாறனை நான் பள்ளிக்கூடத்துல இருந்து படிக்கிறேன். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன், போஸ்ட்டுல ஏறும்போது இடி விழுந்து சக்தி வந்தவன். கை நீட்டுனா மின்னல் பாயும். அதை வரைஞ்சது செல்லையா மாஸ்டர். அவரு வரைஞ்ச இடிமாறனுக்கு நெஞ்சு கதவு மாதிரி இருக்கும். தாடையில பென்சில் சீவலாம். இந்தக் கடையில பொட்டும் ரிப்பனும் விக்கிறவன்தானே நானு, ஆனா மாசம் ஒருவாட்டி அந்தப் புஸ்தகம் வந்துட்டா நான் வேற ஆளு. வாட்ஸப்புல ‘இடிமாறன் கோட்டை’ன்னு ஒரு குரூப்பு, ஃபேஸ்புக்குல அதே பேருல ஒரு பக்கம். ரெண்டுக்கும் நான்தான் அட்மின். அங்க என் பேரு கோட்டைத் தளபதி. காளிராஜ்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது.

மாஸ்டருக்குக் கண்ணுல புரை விழுந்துருச்சு. ஆபரேஷன் பண்ணியும் கோடு நேரா வரலன்னு அவரே நிறுத்திக்கிட்டாரு. அடுத்த மாசம் புஸ்தகத்தப் பிரிக்கிறேன், ‘ஓவியம்: இமை’ன்னு போட்டிருக்கு. ஆம்பளையா பொம்பளையா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியல.

உள்ள பாத்தா, இடிமாறனுக்குக் கண்ணுக்குக் கீழ கருவளையம். லேசாத் தொப்பை. போஸ்ட்டு மேல உக்காந்து டிபன் பாக்ஸ்ல இருந்து எலுமிச்சஞ்சோறு சாப்பிடுறான். ஏம்மா, ஊரையே காப்பாத்துற ஆளு எலுமிச்சஞ்சோறு சாப்பிடலாமா? சரி, சாப்பிடட்டும். அதை வரையலாமா?

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அப்பவே எழுதுனேன். ‘இடிமாறனுக்கு என்ன, சர்க்கரை வியாதியா?’ன்னு ஆரம்பிச்சு நீளமா. சாயங்காலத்துக்குள்ள அது எங்கெங்கயோ போயிருச்சும்மா. துபாய்ல இருந்து, சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் ‘தளபதி, சரியாச் சொன்னீங்க’ன்னு எழுதுறாக. வளையல் வாங்க வர்றவுக என் மூஞ்சியப் பாத்தா பேசுறாக? வளையலப் பாத்துத்தான பேசுறாக. இத்தன பேரு என்கிட்டப் பேசுனது எனக்கே புதுசு. பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்த மாசத்துல இருந்து ‘பிழை பார்ப்போம்’னு ஒரு தொடரே ஆரம்பிச்சுட்டேன். பக்கத்த இந்தக் கண்ணாடி மேசையில வச்சு, தப்பான இடத்துல செவப்பு ஸ்கெட்ச்சால வட்டம் போட்டு, விரல வச்சுக் காட்டி போட்டோ எடுத்துப் போடுவேன். ஒரு படத்துல இடிமாறன் கையில ஆறு விரல் இருக்குன்னு வட்டம் போட்டேன். அது பயங்கரமா ஓடுச்சு. பிற்பாடு வெளிச்சத்துல வச்சுப் பாத்தா, அஞ்சு விரல்தான், ஆறாவது கம்பியோட நிழலு. அதுக்குள்ள எல்லாரும் ‘ஆறுவிரல் ஓவியர்’னு பேரு வச்சுட்டாக. நான் எப்படித் திருத்துறது? இடிமாறன் மூஞ்சி ஆடு மாதிரி இருக்குன்னு எழுதுனது நான். ஆனா ஆட்டு மூஞ்சிய வெட்டி ஒட்டிப் படம் போட்டது நான் இல்ல. அது வேற ஆளுக.

இதுல ஒண்ணு சொல்லணும். அந்தப் பிள்ளை வந்த முதல் புஸ்தகத்துலயே ஒரு புது வில்லன் வந்தான். கோணியன். முழுப் பேரு கிடையாது, மூஞ்சியும் கிடையாது. நனைஞ்ச கோணிச்சாக்க தலைவழியா மாட்டிக்கிட்டு, கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. அவன் வந்தா அந்தத் தெருவுல கரண்ட் போயிரும். இடிமாறனுக்கு சக்தியே கரண்ட்டுதான, அவன் முன்னால நின்னா இவன் வெறும் லைன்மேன். கோணியன் யாரையும் கொல்ல மாட்டான், கொள்ளையடிக்க மாட்டான். இடிமாறனப் பாத்து, ‘என்னைத் தெரியுதா?’ன்னு மட்டும் கேப்பான். இவன் முழிப்பான். அவன் போயிருவான். ஒவ்வொரு மாசமும் கடைசிப் படத்துல சாக்க கொஞ்சம் தூக்குவான். ஒரு மாசம் தாடை. அடுத்த மாசம் உதட்டோரம் ஒரு தழும்பு. அவ்வளவுதான், தொடரும்.

எனக்கு முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிரும்மா. செல்லையா மாஸ்டர் காலத்துல கூட அப்படி ஒரு வில்லன் வந்ததில்ல. குரூப்புல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. காணாமப் போன அண்ணன்ங்கிறாக, செத்துப் போன வாத்தியாருங்கிறாக, திருச்சி அமலதாஸ் மட்டும் அது இடிமாறனேதான், வயசான காலத்துல இருந்து திரும்பி வந்திருக்கான்ங்கிறாரு. ராவும் பகலும் அதே பேச்சு.

கடைக்குப் பின்னாலதான் வீடு. எங்க வீட்டுக்காரி தெய்வானைதான் ஒருநாள் கேட்டா. “மத்தியானம் அந்தப் புஸ்தகத்த வச்சுக்கிட்டு சோறு ஆறுறது கூடத் தெரியாம உக்காந்திருந்தீக. இப்பப் போன எடுத்து கண்டமேனிக்குத் திட்டி எழுதுறீக. எது நெசம்?”

“அது கதை, இது ஓவியம். ரெண்டும் வேறடி.”

“ரெண்டையும் ஒரே ஆளு செய்யல?”

செய்யுதுதான். கதையும் அந்தப் பிள்ளையோடதுதான்னு எடிட்டர் முன்னுரையில போட்டிருந்தாரு. நான் அதைப் படிச்சேன். ஆனா குரூப்புல இருக்கவுக செவப்பு வட்டத்துக்குத்தான வர்றாக. ‘நல்லாருக்கு’ன்னு எழுதுனா யாரு படிக்கா?

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. எனக்குப் பொட்டு அட்டை கொண்டாந்து போடுற சுப்புக்காளைன்னு ஒருத்தரு, சிவகாசிப் பக்கம் அச்சாபீஸ் பூராம் சுத்துறவரு. ஒருநாள் இந்த மேசையில கிடந்த புஸ்தகத்தப் பாத்துட்டு, “அட, இது நம்ம சண்முகக்கனி போட்ட படம்லா! சாத்தூர்ப் பிள்ளை. வெடிப்பெட்டி லேபிளுக்கு எல்லாம் படம் போடும். கெட்டிக்காரி”ன்னாரு.

என்கிட்ட வந்து மாட்டுது பாருங்க சேதி! ஊரே தேடிக்கிட்டிருக்கு இமை யாருன்னு. யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியுது. போட்டேன். ‘இமை என்பவர் சாத்தூர் சண்முகக்கனி, வெடிப்பெட்டிக்குப் படம் போடும் பெண்’னு. பேரும் ஊரும் மட்டும்தான். அதுல என்ன தப்பு? புஸ்தகம் எழுதுறவுக பேரு தெரியக் கூடாதா? நம்பரை நான் போடல. அதை நல்லாக் குறிச்சுக்கோங்க. நம்பரைத் தேடிப் போட்டது வேற ஒருத்தன். அதுவும் அந்தப் பிள்ளை நம்பர் இல்ல, அவ அப்பா நம்பர்.

அவரு தண்ணி லாரி ஓட்டுறவரு. வீட்டுக்குத் தண்ணி வேணும்னு போன் வந்தாத்தான் அவருக்குப் பொழப்பு. பயலுக என்ன செஞ்சிருக்கானுக, போனப் போட்டு, அவரு “அலோ, எந்தத் தெருவுக்கு?”ன்னு கேக்கவும், “ம்மே...”ன்னு ஆடு மாதிரிக் கத்திட்டு வச்சிருக்கானுக. ஒருத்தன் இல்ல, மாத்தி மாத்தி. நாள் பூரா. மனுசனுக்கு எதுக்குக் கத்துறாகன்னே தெரியல. மக வரைஞ்சதுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு தெரியாத நம்பர எடுக்குறதயே விட்டுட்டாரு. தண்ணி கேட்டவுக வேற லாரிக்காரங்ககிட்டப் போயிட்டாக.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. குரூப்புல ‘இன்னைக்கு ஆடு மேய்ச்சாச்சு’ன்னு சிரிச்சானுக. நான் என்னமோ பேச்சுன்னு விட்டுட்டேன். அட்மின்தான், நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். கடையில பங்குனிப் பொங்கல் வியாபாரம் வேற. எதைன்னு பாக்குறது?

அதுக்கு அடுத்த புஸ்தகம் வரல. அதுக்கும் அடுத்தது வந்துச்சு, உள்ள பாத்தா செல்லையா மாஸ்டரோட பழைய கதை, மறுபதிப்பு. கடைசிப் பக்கத்துல எடிட்டர் நாலு வரி போட்டிருந்தாரு. ஓவியர் விலகிட்டாக, கோணியன் கதை இதோட நிக்குது, வாசகர்கள் மன்னிக்கணும்னு.

குரூப்புல வெடி வெடிக்காத குறைதான். ‘கோட்டை ஜெயித்தது’ன்னு போடுறாக. மதுரையில ஒரு லாட்ஜு ஹால்ல கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போத்துனாக. நான் பேசுனேன், கைதட்டுனாக. எல்லாம் முடிஞ்சு பிரியாணிப் பொட்டலம் பிரிச்சு உக்காந்திருக்கோம். அமலதாஸ் என் பக்கத்துல இருந்தாரு. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே மெல்லக் கேட்டாரு.

“தளபதி, அப்ப கோணியன் யாருதான்?”

அத்தன பேரும் இலையப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாக. நான் பொட்டலத்த மடிச்சு வச்சுட்டேன்.

ஊருக்கு வந்தும் அதே நெனப்புதான். பில்லு போடும்போதும் அதே, சாமி கும்பிடும்போதும் அதே. உதட்டோரத்துத் தழும்பு. ‘என்னைத் தெரியுதா?’ அவன் யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆளு சாத்தூர்ல இருக்கு. பஸ்ஸுல ஏறுனா போயிரலாம். பொட்டு அட்டைக்குப் புது டிசைன் வேணும்னு சொல்லிக்கிட்டு ஒருநாள் போயிட்டேன். சாக்குத்தான். ஆனா டிசைனும் தேவைப்பட்டுச்சு.

சின்ன வீடு. வாசல்ல தண்ணி லாரி நிக்குது. சண்முகக்கனி முன்னறையில தரையில உக்காந்து சங்குச்சக்கரத்துக்கு லேபிள் வரைஞ்சுக்கிட்டிருந்தா. ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டு, எங்க அக்கா மக வயசு இருக்கும். “வாங்க அண்ணாச்சி”ன்னு எந்திரிச்சு நாற்காலி எடுத்துப் போட்டா. கோவில்பட்டி ஃபேன்சி ஸ்டோருன்னு சொன்னேன். என் பேரையும் சொன்னேன். காளிராஜ்னு. அது என் பேருதான, பொய் இல்லயே.

அட்டையப் பத்திப் பேசினோம். அவ அம்மா மோர் குடுத்தாக. உள்ள அவ அப்பா போனு கட்டில் மேல கிடந்து மினுக்குது, சத்தம் இல்ல. “யாரோ கூப்பிடுறாகளே”ன்னேன். “அது அப்படித்தான் அண்ணாச்சி. சத்தத்த அமத்தி வச்சிருக்கோம். ஒருவாட்டி அடிச்சா அப்பா எந்திரிச்சு வெளிய போயிருறாக”ன்னா. அப்பத்தான் ஆடு மாதிரிக் கத்துன கதைய அவ அம்மா சொன்னாக. நான் மோரக் குடிச்சேன். என்ன சொல்றது? அந்த இடத்துல யாரு இருந்தாலும் மோரத்தான் குடிப்பாக.

கிளம்புற நேரம், சும்மா கேக்குற மாதிரி கேட்டேன்.

“இடிமாறன் வரைஞ்சது நீதானாம்மா? நான் எப்பவாவது படிப்பேன். அந்தக் கோணியன் யாரு?”

அவ பேனாவ வச்சுட்டு என்னயப் பாத்தா.

“இத்தன பேரு புஸ்தகம் படிச்சாக அண்ணாச்சி. எல்லாரும் விரலத்தான் எண்ணுனாக. அவன் யாருன்னு என்கிட்ட வந்து கேட்ட ஒரே ஆளு நீங்கதான்.”

“சொல்ல வேண்டாம்னா விட்டுரும்மா.”

“சொல்றேன். செல்லையா மாஸ்டர் வரைஞ்சதுல இடிமாறன் தகர மனுசனோட சண்டை போடுற கதை ஞாபகம் இருக்கா? பஸ் ஸ்டாண்டுல தூக்கி எறிவான். அவன் போய் ஒரு டீக்கடை மேல விழுவான்.”

ஞாபகம் இருக்காவா! உங்களுக்குப் பின்னால திரும்பிப் பாருங்கம்மா. அந்தப் படத்தத்தான் பெருசாக்கி, பிரேம் போட்டு மாட்டியிருக்கேன். இடிமாறன் வரலாற்றுலயே பெரிய சண்டை அது. ஒவ்வொரு கோடும் எனக்கு மனப்பாடம். அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

“அதுல பாய்லர் கவுந்து சுடுதண்ணி தெறிக்கும். மூலையில ஒருத்தர் மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிப்பாரு, சின்னதா. அடுத்த பக்கத்துல இடிமாறன் பறந்து போயிருவான், எல்லாரும் கைதட்டுவாக. நான் மூணாங்கிளாஸ்ல படிச்சேன் அண்ணாச்சி. அந்த டீக்கடைக்காரர் என்ன ஆனாருன்னு எங்க அப்பாகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். யாருக்கும் தெரியல. அவருதான் கோணியன்.”

நீங்களே பாருங்கம்மா. கீழ, வலது பக்கம். கையி மட்டும்தான் தெரியும். தெரியுதா? நான் கடைக்கு வந்து லென்ஸ் வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இத்தன வருசமா என் கண்ணுக்கு முன்னாலயே நின்னுக்கிட்டிருந்திருக்காரு.

“மறுபடி வரையலாமே”ன்னு கேட்டேன். அவ சங்குச்சக்கரத்துக்குச் செவப்பு வைக்க ஆரம்பிச்சுட்டா. நானும் எந்திரிச்சு வந்துட்டேன். நான்தான் தளபதின்னு அப்பவே சொல்லியிருக்கலாம்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ அம்மா பக்கத்துல இருந்தாக, அவுக முன்னால எப்படி? குரூப்புலயும் சொல்ல முடியல. கோணியன் யாருன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாக. தெய்வானைகிட்ட மட்டும்தான் எல்லாத்தையும் சொன்னேன். மனுசன் படுற பாடு இருக்கே.

பொட்டு அட்டை வந்துச்சு. அருமையா இருந்துச்சு. நல்லா ஓடுச்சு.

பிறகு என்னன்னா, மறுபதிப்பு யாரும் வாங்கல. கோணியன் எங்கன்னு கேட்டு எடிட்டருக்கு ஒரே தொல்லையாம். திட்டுன அதே ஆளுகதான். அவரே சாத்தூர் போய் உக்காந்து பேசி, ஒரே ஒரு புஸ்தகம், கதைய முடிச்சு மட்டும் குடும்மான்னு கேட்டிருக்காரு. அவளும் சரின்னுட்டா. சாத்தூர்லயே ஒரு சின்ன மண்டபத்துல வெளியீடு வச்சாக.

ஒருநாள் எனக்குப் போன் பண்ணுறா. “அண்ணாச்சி, முதல் பிரதிய நீங்கதான் வாங்கணும். அழைப்புல உங்க பேரப் போட்டாச்சு.”

நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். “எனக்கு எதுக்கும்மா அதெல்லாம், பெரிய ஆளா யாரையாவது கூப்பிடு”ன்னேன். “கேட்டது நீங்கதான? வந்துருங்க”ன்னு வச்சுட்டா.

வெளியீட்டுக்கு அமலதாஸ் வர்றாரு, மதுரைக்காரங்க வர்றாக. எல்லாருக்கும் என் மூஞ்சி தெரியும். மேடையில ஏறுனா ‘தளபதி!’ன்னு ஒருத்தன் கத்துனாப் போதும். அன்னைக்குக் காலையில எனக்கு வயித்தால போச்சு. நெசமாத்தான். தெய்வானை சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறா.

“கிளம்பலையா?”

“உடம்பு முடியல. போன் பண்ணிச் சொல்லிருறேன்.”

“என்னன்னு சொல்லுவீக?”

நான் போனத் தேடிக்கிட்டிருந்தேன். அவ கைப்பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. “நான் போய் வாங்கியாரேன். சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிட்டு வந்துருறேன்.” தடுக்கலாம்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவ போறத இங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் வந்தா. புஸ்தகத்த இந்த மேசை மேல வச்சா. முகம் கழுவப் போனா, வந்தா, காப்பி போட்டா. எனக்குப் பொறுக்கல.

“சொன்னியா?”

“சொன்னேன். கூட்டம் முடிஞ்சப்புறம் தனியாக் கூப்பிட்டு.”

“என்ன சொன்னா?”

“தெரியும்னா.”

“என்ன தெரியும்?”

“நீங்க மொதநாள் போனப்பவே தெரியுமாம். மோர் வாங்குனப்ப விரலப் பாத்தாளாம். ஷட்டர்ல மாட்டி நகம் பிளந்திருக்குல்ல, அந்த விரல். மாசாமாசம் என் படத்து மேல வச்சுக் காட்டுன விரல எனக்குத் தெரியாதா அக்கான்னு கேட்டா.”

“தெரிஞ்சுமா கோணியன் யாருன்னு எனக்குச் சொன்னா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அன்னைக்கு நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தாளாம். சொல்லல. முதல் பிரதி வாங்க வந்தாலாவது சொல்லுவீகன்னு பேரப் போட்டாளாம்.” தெய்வானை தம்ளர என் முன்னால வச்சா. “அவ அப்பாவும் வந்திருந்தாக. ‘உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லயாம்மா, பாத்துக்கோங்க’ன்னாக. நான் அவுக காலத் தொட்டுட்டு வந்தேன்.”

இப்பச் சொல்லுங்கம்மா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நாற்காலி போட்டு, மோர் குடுத்து, அண்ணாச்சி அண்ணாச்சின்னு பேசியிருக்கா. அது மட்டும் சரியா? மூஞ்சிக்கு நேரா ‘நீதானடா அவன்’னு கேட்டிருந்தா நானும் ஏதோ சொல்லிட்டு, சண்டையாவது போட்டுட்டு வந்திருப்பேன். என்னால அவள ஒரு வார்த்தை திட்ட முடியல. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவா இருக்கு.

குரூப்ப விட்டு வந்துட்டேன். அமலதாஸ் இப்ப அட்மின். பொட்டு அட்டைக்கு மறுபடி ஆர்டர் குடுக்கணும், தெய்வானைதான் பேசுறா. நான் பேசுறதில்ல.

புஸ்தகமா? அந்தா, கல்லாவுல இருக்கு. படிச்சேன், முழுசா இல்ல. நல்லா வரைஞ்சிருக்காம்மா, சும்மா சொல்லக் கூடாது. மழை பெய்யிது, தெருவுல கரண்ட் இல்ல. கோணியன் சாக்கக் கழட்டுறான். மூஞ்சி பாதி வெந்து போன மூஞ்சி. ‘இப்பவாவது தெரியுதா?’ன்னு கேக்குறான். இடிமாறன் நனைஞ்சுக்கிட்டே நிக்கிறான். அந்த இடத்துல மூடி வச்சுட்டேன். இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. தினம் மதியம் எடுக்குறேன், அந்தப் பக்கத்துக்கு வர்றேன், வச்சுருறேன்.

நீங்க படிச்சிருப்பீக. இடிமாறன் என்ன பதில் சொல்றான்னு உங்களுக்குத் தெரியும். சொல்லிராதீக. இருங்க, யாரோ பிள்ளைக கம்மல் பாக்க வந்திருக்காக போல, என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன்.